ஆன்ஜேயில் மூன்று நாள்: இந்த சீசனின் முதல் கிராண்ட் பிரீயில் யார் யார்?

ஒக்டோபர் 17, 18, 19. வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை தீபாவளி என்பதால் அந்த மூன்று நாளும் கண்டி டவுனுக்குள் கால் வைக்க முடியாது. கொழும்பு வீதியில் ஆள்மேல் ஆள் ஏறி நடக்கும். அதே மூன்று நாளும் பிரான்சில் ஆன்ஜே என்ற ஊரில் 2025-26 ஃபிகர் ஸ்கேட்டிங் சீசனின் முதல் கிராண்ட் பிரீ நடக்கப்போகிறது. அங்கே மாலை 7 மணி என்றால் இங்கே இரவு 10:30. அதாவது வீட்டில் பலகாரம் சுட்டு முடித்து, எல்லாரும் படுத்த பிறகு, ஃபோனோடு போர்வைக்குள் போக நல்ல நேரம்.

ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நம்ம குழுவில் ஒருவர் கேட்டார்: "கண்டியில இருந்துகிட்டு ஐஸ்ல வழுக்குறதப் பத்தி எழுதி யாரு வாசிக்கப்போறா?" நியாயமான கேள்வி. நமக்கு ஐஸ் என்றால் மீன்கடைப் பெட்டியில் இருப்பது, இல்லாட்டி பத்து ரூபாய்க்கு வாங்கிய காலத்து ஐஸ் பக்கட். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல் மேலே வெள்ளையாகப் படியும் பனிதான் நமக்குத் தெரிந்த பெரிய குளிர். ஆனா கிரிக்கெட் மட்டையைத் தொட்டே பார்க்காத எத்தனையோ பேர் பல்லேகலவில் மேட்ச் வந்தால் ஃபீல்டிங் எங்கே நிற்பாட்ட வேண்டும் என்று சொல்லுகிறார்கள். எனக்கு அந்த உரிமை ஸ்கேட்டிங்கில் இருக்கட்டும்.

முதலில் இந்தப் போட்டி ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். கிராண்ட் பிரீ என்பது ஆறு போட்டிகள் கொண்ட ஒரு தொடர். ஆன்ஜே, பிறகு சீனாவின் சோங்சிங், கனடாவின் சஸ்கட்டூன், ஜப்பானின் ஒசாகா, அமெரிக்காவின் லேக் பிளாசிட், கடைசியாக ஃபின்லாந்தின் ஹெல்சின்கி. ஒருவர் அதிகபட்சம் இரண்டில்தான் ஆடலாம். முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 13, மூன்றாமிடத்துக்கு 11 என்று இறங்கிக்கொண்டு போகும். கூட்டிப் பார்த்து ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு பேர் டிசம்பரில் ஜப்பானின் நகோயாவில் நடக்கும் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். இதெல்லாம் ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். ஆனா 2026 பெப்ரவரியில் மிலானோ-கோர்ட்டினா ஒலிம்பிக். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்த ஏழு நிமிஷத்துக்கு யார் தயார், யார் இன்னும் இல்லை என்று முதலில் தெரியப்போவது ஆன்ஜேயில்.

மார்க்ஸ் எப்படி விழுகிறது

பாடசாலை நாட்களில் வலய மட்ட நடனப் போட்டிக்குப் போனவர்களுக்கு இதை விளக்குவது லேசு. மண்டபத்தின் முன்னால் ஒரு மேசை, மூன்று நடுவர்கள், ஆளுக்கு ஒரு தாள். ஆடி முடித்து வெளியே நின்று, கடைசியில் இடம் மட்டும் வாசிப்பார்கள். எதுக்கு எத்தனை போட்டார்கள் என்று ஆடிய பிள்ளைக்குத் தெரியாது. ஏன் இரண்டாமிடம் என்று கேட்டால் "அபிநயம் காணாது" என்று யாராவது சொல்லுவார்கள். எங்கே காணாது, எந்த அடியில் காணாது என்று கேட்க முடியாது.

ஸ்கேட்டிங்கில் ஒன்பது நடுவர்கள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும், சுழற்சிக்கும் அடிப்படைப் புள்ளி முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. மூன்றரைச் சுற்று ஆக்ஸலுக்கு 8.00, நாலரைச் சுற்று ஆக்ஸலுக்கு 12.50. அதை எவ்வளவு அழகாகச் செய்தார்கள் என்று ஒவ்வொரு நடுவரும் கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை போடுவார்கள். கூடியதையும் குறைந்ததையும் வெட்டிவிட்டுச் சராசரி எடுப்பார்கள். காற்றில் சுற்று முழுசாக முடிந்ததா என்று வேறொரு குழு வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்கும். அதோடு ஆட்டத்தின் அமைப்பு, வெளிப்பாடு, பனியில் ஓடும் திறன் என்று மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று தனியாகப் போடுவார்கள். முடிந்ததும் இதெல்லாம் ஒரு தாளாக வெளியே வரும். எந்த நடுவர் எந்தப் பாய்ச்சலுக்கு என்ன போட்டார் என்று நீங்களும் நானும் வாசிக்கலாம். சண்டை போடலாம்.

நான் இந்த விளையாட்டுக்குள் விழுந்ததற்கு அந்தத் தாளும் ஒரு காரணம். அநியாயம் இங்கேயும் நடக்கும். ஆனா நடந்தால் எந்த வரியில் நடந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

ஆண்கள்: அதே இடம், அதே இரண்டு பேர்

இலியா மலினின். அமெரிக்கர், இருபது வயசு. அம்மா தத்தியானா மலினினா, அப்பா ரோமன் ஸ்கோர்னியகோவ் இரண்டு பேரும் உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்கில் ஆடியவர்கள். 2022 செப்டெம்பர் 14ஆம் தேதி லேக் பிளாசிட்டில், அதுவரை போட்டியில் யாரும் சரியாக இறங்கியிராத நாலரைச் சுற்று ஆக்ஸலை இறங்கிக் காட்டினார். மற்றப் பாய்ச்சல்களில் பின்பக்கமாகக் கிளம்பிப் பின்பக்கமாக இறங்குவார்கள். ஆக்ஸலில் மட்டும் முன்பக்கமாகக் கிளம்ப வேண்டும். அதனால்தான் அந்த அரைச் சுற்றுக் கூடுதல். 2024, 2025 இரண்டு வருஷமும் உலகச் சாம்பியன். பொஸ்டனில் இந்த மார்ச்சில் எடுத்தது 318.56. இரண்டாமிடத்தில் வந்த கசக்ஸ்தானின் மிக்கைல் ஷைதோரவை விட 31 புள்ளி கூட. ஸ்கேட்டிங்கில் 31 புள்ளி என்பது இன்னிங்ஸ் தோல்வி மாதிரி.

அப்போ ஏன் போட்டி என்று சொல்கிறேன்? மலினின் கடைசியாகத் தோற்றது 2023 நவம்பரில். எங்கே? இதே ஆன்ஜேயில். யாரிடம்? இந்த முறையும் எதிரே நிற்கும் அடம் சியாவ் ஹிம் ஃபாவிடம், சுமார் இரண்டு புள்ளி வித்தியாசத்தில். அதற்குப் பிறகு மலினினை யாரும் வெல்லவில்லை.

அடம் சியாவ் ஹிம் ஃபா பற்றி நம்ம ஆட்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லணும். பிறந்தது பிரான்சின் போர்தோவில். பெற்றோர் மொரீசியஸ்காரர்கள், சீன வம்சாவளி. மொரீசியஸ் என்றால் கரும்புத் தோட்டம். நம்ம ஆட்களைத் தேயிலைக்கும் கோப்பிக்கும் இங்கே கொண்டுவந்த அதே காலத்தில் அங்கே கரும்புக்குக் கொண்டுபோனார்கள். அடமின் குடும்பக் கதை அது இல்லை. ஆனாலும் இந்து சமுத்திரத்துத் தீவு ஒன்றிலிருந்து கிளம்பிய ஒரு குடும்பத்துப் பையன் ஐரோப்பியச் சாம்பியன் ஆனான் என்று 2023இல் வாசித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரப் பையன் ஜெயித்த மாதிரி இருந்தது. 2024இல் மறுபடி ஐரோப்பியச் சாம்பியன். அதே வருஷம் மொன்ட்ரியால் உலகச் சாம்பியன்ஷிப்பில் முதல் ஆட்டத்தில் 19ஆம் இடத்துக்குப் போய், இரண்டாவது ஆட்டத்தில் எழும்பி வெண்கலம் வாங்கினார். அந்த ஆட்டத்தில், இரண்டு புள்ளி வெட்டுவார்கள் என்று தெரிந்தே, தடைசெய்யப்பட்ட பின்கரணம் ஒன்றும் போட்டார்.

அந்தப் பின்கரணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1976 ஒலிம்பிக்கில் அமெரிக்கர் டெரி குபிக்கா போட்டுக் காட்டிய பிறகு ஆபத்து என்று தடை செய்தார்கள். 1998 நகானோவில் பிரான்சின் சூரியா பொனாலி, கறுப்பினப் பெண், மார்க்ஸ் எப்படியும் வராது என்று தெரிந்த பிறகு பின்கரணம் போட்டு ஒற்றைக் காலில் இறங்கினார். நடுவர்கள் தன்னை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அவர் சொன்ன பதில் அதுதான். 2024இல்தான் தடையை எடுத்தார்கள். இப்போ மலினினும் போடுகிறார், அடமும் போடுகிறார், அரங்கு எழும்பி நிற்கிறது. பெரஹராவில் தார் ரோட்டில் கரணம் அடிக்கும் பையன்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இதுக்கா ஐம்பது வருஷம் தடை என்று தோன்றும். ஆனா அதை முதலில் பெண் ஒருத்தி ஒற்றைக் காலில் இறங்கியபோது கைதட்ட ஆள் இருந்தது, மார்க்ஸ் போட ஆள் இருக்கவில்லை. இதை இந்தப் பையன்களின் கரணத்தைப் பார்க்கும்போது ஒருக்கா நினைத்துக்கொள்ளுங்க.

மலினினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஜனவரி 29, விச்சிட்டாவிலிருந்து வொஷிங்டனுக்கு வந்த விமானம் இராணுவ ஹெலிகொப்டரோடு மோதி 67 பேர் செத்துப்போனார்கள். அதில் 28 பேர் ஸ்கேட்டிங் ஆட்கள். தேசியப் போட்டிக்குப் பிறகு நடந்த பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவந்த அப்பா அம்மாக்கள், பயிற்சியாளர்கள். 1994 உலகச் சாம்பியன் ஜோடி எவ்கேனியா ஷிஷ்கோவா, வதீம் நௌமோவ் அந்த விமானத்தில் இருந்தார்கள். மலினின் பயிற்சி எடுப்பதும் வொஷிங்டனுக்குப் பக்கத்தில்தான். மார்ச் 2ஆம் தேதி அங்கே நடந்த நினைவு நிகழ்ச்சியில் ஆடினார், அந்த மாசக் கடைசியில் பொஸ்டனில் உலகச் சாம்பியன் ஆனார். "குவாட் கடவுள்" என்று அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயரைக் கேட்டால் முன்பு எனக்குச் சிரிப்பு வரும். இந்த வருஷ ஃப்ரீ ஸ்கேட்டில் பாட்டோடு சேர்த்துத் தன் குரலிலேயே பேசுகிறார். பாய்ச்சல் எண்ணிக்கைக்கு வெளியே ஏதோ சொல்லப் பார்க்கிறார். சொல்ல முடிகிறதா என்று பார்க்கத்தான் நான் காத்திருக்கிறேன்.

மூன்றாவது ஆள் ஜோர்ஜியாவின் நிக்கா எகாட்சே. இந்த வருஷ ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார், அடமுக்கு ஒரு இடம் மேலே. பெரிய பாய்ச்சல், பெரிய விழுகை, இரண்டும் அவரிடம் உண்டு. மேலே இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் தடுமாறினாலும் ஆள் உள்ளே வந்துவிடுவார்.

பெண்கள்: போகப்போகிறவரும் வந்துகொண்டிருப்பவரும்

கவோரி சகமோட்டோ, கோபே நகரத்துக்காரர், 25 வயசு. 2022, 2023, 2024 மூன்று வருஷமும் தொடர்ந்து உலகச் சாம்பியன். இந்த வருஷம் பொஸ்டனில் வெள்ளி. தங்கத்தை எடுத்தவர் அமெரிக்காவின் அலிசா லியூ, 16 வயசில் விளையாட்டை விட்டுப் போய், இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர். லியூ ஆன்ஜேயில் இல்லை, அடுத்த வாரம் சீனாவில் ஆடுவார். சகமோட்டோ இந்த சீசனோடு விடைபெறுகிறேன் என்று அறிவித்துவிட்டார். முதல் ஆட்டத்துக்கு எடுத்திருக்கும் பாட்டு 'டைம் டு சே குட்பை'. மறைக்கிற எண்ணமே இல்லை. ஃப்ரீ ஸ்கேட்டுக்கு எடித் பியாஃப் பாடல்கள். பியாஃபை பிரான்சிலேயே, பிரெஞ்சு ரசிகர்கள் முன்னால். அரங்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்க.

சகமோட்டோவிடம் மூன்றரைச் சுற்று ஆக்ஸல் இல்லை. நாலு சுற்றுப் பாய்ச்சல் ஒன்றும் இல்லை. அவர் மேலே வரும் காலத்தில் ரஷ்யப் பிள்ளைகள் பதினைந்து வயசில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், பதினெட்டு வயசில் காணாமல் போனார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயசு கமிலா வலியேவாவுக்கு நடந்ததை உலகமே பார்த்தது. ஊக்கமருந்து விவகாரத்தின் நடுவில் ஆடவிட்டு, அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து எழும்பியதை நாமெல்லாரும் நேரலையில் பார்த்தோம். அந்தப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர் சகமோட்டோ. அந்த வருஷ ஜூனில் சர்வதேசச் சங்கம் வயது எல்லையை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக்க முடிவு செய்தது.

இவருடைய பலம் வேகம். பாய்வதற்கு முன்பும் அதே வேகம், இறங்கிய பிறகும் அதே வேகம். தொடை தெரியும், தோள் தெரியும், பலமான உடம்பு. முதல் தடவை இவர் ஆடுவதைப் பார்த்தபோது எனக்குப் பதினாறு, சாதாரண தரப் பரீட்சை வருஷம். அந்த வருஷம்தான் என் நடன வகுப்பு நின்றது. நிற்பாட்டியது யாரும் இல்லை, தானாக நின்றது. டியூஷன், பரீட்சை, "இனி பெரிய புள்ள", "மேடையில ஆடினது போதும்". எங்கள் வகுப்பில் ஆடிய பதினொரு பேரில் இன்றைக்கு ஆடுவது ஒருத்தி. மற்றவர்களுக்குச் சலங்கை அலுமாரி மேலே இருக்கிறது. பெண் உடம்பு வளர்ந்தால் ஆட்டம் முடிந்தது என்று இங்கே ஒரு வகையில் சொன்னார்கள். பனிக்கு மேலே வேறொரு வகையில் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் பதினாறுதான் கணக்கு. வளர்ந்த உடம்பை வைத்துக்கொண்டு, அந்த உடம்பின் எடையையே வேகமாக மாற்றி, 21, 22, 23 வயசில் மூன்று உலகப் பட்டம் எடுத்தவர் இவர். எப்போ நிற்பது என்பதையும் இவரே சொல்லிவிட்டார். அதனால் இந்த சீசனில் இவர் ஆடும் ஒவ்வொரு போட்டியும் எனக்குச் சொந்த விஷயம்.

ஆனா முன்னோட்டம் என்றால் நேர்மையாக எழுதணும். இவருக்கு ஆபத்து இவருடைய நாட்டிலிருந்தே வருகிறது. அமி நகாய், 17 வயசு, 2023 ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், கையில் மூன்றரைச் சுற்று ஆக்ஸல். பெரியவர்கள் கிராண்ட் பிரீயில் இதுதான் முதல் தடவை. புதுசாக வருகிறவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. ஆக்ஸல் விழாமல் இருந்தால் சகமோட்டோ எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த இடைவெளியை மூடுவது கஷ்டம். ரியோன் சுமியோஷியும் இருக்கிறார், நாலு சுற்று டோ லூப்பை முயற்சிப்பவர். மேடை முழுக்க ஜப்பான் ஆகலாம்.

இங்கே இல்லாத ஒருத்தியையும் சொல்ல வேண்டும். மாவோ ஷிமாடா, மூன்று முறை ஜூனியர் உலகச் சாம்பியன். ஒலிம்பிக்குக்குப் போக 2025 ஜூலை 1க்கு முன்பு 17 நிரம்பியிருக்க வேண்டும். ஷிமாடாவுக்கு 17 நிரம்புவது இந்த ஒக்டோபர் 30. நான்கு மாசம். நகாய் ஏப்ரலில் பிறந்ததால் போகலாம், ஷிமாடா ஒக்டோபரில் பிறந்ததால் 2030 வரை காத்திருக்க வேண்டும். விதி சரியான விதி. நான் அதை ஆதரிக்கிறேன். சரியான விதியிலும் யாராவது ஒருத்தி மாட்டுப்படுவாள் என்பதும் உண்மை.

ஐஸ் டான்ஸ்: தாளில் ஒரு பெயர்

கியோம் சிசெரோன், கப்ரியேலா பாப்படாகிஸ் ஜோடி ஐந்து உலகப் பட்டம், 2022 ஒலிம்பிக் தங்கம் எல்லாம் எடுத்துவிட்டு 2024 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார்கள். மூன்று மாசம் கழித்து சிசெரோன் புது ஜோடியோடு திரும்பி வருகிறார் என்று செய்தி வந்தது. ஜோடி, மொன்ட்ரியாலில் பிறந்த லோரன்ஸ் ஃபூர்னியே போத்ரி. இருவரும் சேர்ந்து ஆடும் முதல் கிராண்ட் பிரீ இதுதான், அதுவும் பிரான்சில்.

போட்டியில் பிரான்ஸ் பெயரில் ஆடலாம், ஆனா ஒலிம்பிக்குக்குப் போக ஃபூர்னியே போத்ரிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும். நான் இதை எழுதும்போது அது கையில் இல்லை. இது அவருக்கு முதல் தடவையும் இல்லை. முன்பு டென்மார்க்குக்காக ஆடியபோது, டென்மார்க் குடியுரிமை இல்லாததால் 2018 ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. பிறகு கனடாவுக்கு மாறினார்.

குடியுரிமை என்ற சொல் எங்கள் வீட்டில் சாதாரணச் சொல் இல்லை. 1948இல் சட்டம் வந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று ஆட்களைக் கணக்காகப் பிரித்தது. கலஹா பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் அப்பாயியின் தங்கச்சி குடும்பத்துக்கு 'அங்கே' என்று விழுந்தது. கண்டி ஸ்டேஷனில் அழுகைக் கோச்சி ஏற்றிவிட்டு வந்த கதையை அப்பாயி இப்பவும் சொல்லும். நாடற்றவர் பிரச்சினை சட்டத்தில் முடிய 2003 ஆனது.

ஒலிம்பிக் வீராங்கனையின் பாஸ்போர்ட்டும் அப்பாயியின் தங்கச்சியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அவர் விரும்பி மூன்றாவது கொடி தேடுகிறார், இவர்களுக்கு இருந்த ஒன்றையும் பிடுங்கினார்கள். ஆனா நான் ஃபோனில் பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு அப்பாயி கேட்டது இதுதான்: "இவ்வளவு நல்லா ஆடுதே அந்தப் புள்ள, பேரு பதிய மாட்டேங்கிறானுகளா?" நடுவர்களின் தாளை விட, வேறொரு அலுவலகத்தின் தாள் சில நேரம் பெரிசு என்று அப்பாயிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இவர்களுக்கு எதிரே பிரித்தானியாவின் லைலா ஃபியர், லூயிஸ் கிப்சன். இரண்டு ஜோடியும் மொன்ட்ரியாலில் ஒரே பயிற்சிக்கூடம். இந்த மார்ச்சில் ஃபியர்-கிப்சன் வாங்கிய வெண்கலம், 1984இல் டோர்வில்-டீன் ஜோடிக்குப் பிறகு உலகச் சாம்பியன்ஷிப்பில் பிரித்தானியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். இந்த வருஷம் ரிதம் டான்ஸுக்கு எல்லாரும் 1990களின் இசையில் ஆட வேண்டும். ஃபியர்-கிப்சனுக்கு ஸ்பைஸ் கேர்ள்ஸ், ஃபூர்னியே போத்ரி-சிசெரோனுக்கு மடோனாவின் 'வோக்'. தொண்ணூறுகள் என்றதும் எனக்கு 'காதலன்' படத்துப் பிரபுதேவாதான் ஞாபகம். யாராவது அதை எடுத்திருக்கலாம். சும்மா சொல்லவில்லை. 2010இல் அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் ஹிந்திப் படப் பாட்டுகளுக்கு ஆடியே ஒலிம்பிக் வெள்ளி வாங்கினார்கள். பத்து நிமிஷம் செலவழித்து அந்த வீடியோவைத் தேடிப் பாருங்க.

ஜோடிகள்

ரிகு மியூரா, ரியுயிச்சி கிஹாரா. 2023, 2025 உலகச் சாம்பியன்கள். பொஸ்டனில் ஜெர்மன் ஜோடியை வென்றது வெறும் 0.71 புள்ளியில். அவருக்கு 33, இவருக்கு 23. தூக்கி எறிந்து பிடிப்பதில் இவர்களை விடப் பெரிய ஜோடிகள் இருக்கலாம். ஆனா இரண்டு பேர் ஒரே மூச்சில் ஓடுவது எப்படி என்று பார்க்க இவர்களைப் பார்க்கணும். மியூரா முடிக்கும் முன்பே சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு வந்தால் எல்லாம் சரியாகப் போனது என்று அர்த்தம்.

என் கணிப்பு

ஆண்களில் மலினின், அடம், எகாட்சே. அடம் இரண்டு ஆட்டமும் விழாமல் ஆடி, மலினின் ஒன்றில் தடுமாறினால் மட்டும் 2023 மறுபடி நடக்கும். பெண்களில் சகமோட்டோ, நகாய், சுமியோஷி. இங்கே என் மூளை நகாய் என்கிறது, கை சகமோட்டோ என்று எழுதுகிறது. எழுதியது எழுதியதுதான். ஐஸ் டான்ஸில் ஃபியர்-கிப்சன், ஒரு புள்ளிக்குள். ஒன்றாக ஆடிய வருஷங்களுக்கு ஒரு விலை இருக்கிறது என்று நம்புகிறேன். ஜோடிகளில் மியூரா-கிஹாரா.

குழுவில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ் அரங்குகளில் ஒன்று இந்தியாவின் தெஹ்ராதூனில் இருக்கிறது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்குக் கட்டி, வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடந்து, இந்த வருஷம்தான் மறுபடி திறந்தது. இந்தியாவுக்காக ஆடும் தாரா பிரசாத் இந்த பெப்ரவரியில் ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் எட்டாமிடம் வந்தார். நம்ம பக்கத்து ஆட்கள் இதில் வருவார்களா, வர இன்னும் எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போடுவதில் எனக்கு ஆசை இல்லை. நமக்குச் சொந்தமில்லாத ஒன்றை, அதில் போய் ஆடப்போவதில்லை என்று தெரிந்தே, விளங்கிக்கொண்டு ரசிக்க நமக்கும் உரிமை இருக்கிறது. எல்லாவற்றையும் 'இதால என்ன பிரயோசனம்' என்று கேட்டே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒரு விஷயமாவது கையில் இருக்கட்டும்.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. சுற்றை எண்ணாதீங்க, அதை எண்ணச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இறங்கிய காலைப் பாருங்க. இறங்கிய பிறகு வேகம் குறையாமல் அந்தக் கால் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று மட்டும் பாருங்க. சகமோட்டோ ஆடும்போது அது அரங்கின் விளிம்பு வரைக்கும் போகும்.